புகையில் போட்ட படங்கள்

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கும் ஒருவர் விடாமல் சொல்வேன். மேசைக்குப் பின்னால் பெரிய டாக்டர். அவருக்குப் பக்கத்தில் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்த சின்ன டாக்டர். கதவோரம் நோயாளிகளின் கிளினிக் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த தாதி ஒருவர். தாதிமாரை நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டூலில் நான், பாக்கியம். எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் முத்தையா. உள்ளே ஐந்து பேர். வெளியே பெஞ்சில், மூன்று சோற்றுப் பார்சல்களையும் மடியில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரின் அக்கா மாரியாயி மதினி. அவரையும் சேர்த்தால் ஆறு. பயம் வந்தால் நான் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன். அன்று ஜன்னல் கம்பிகளையும் எண்ணி முடித்திருந்தேன். பதினொன்று.

என் காலில் ஆபரேஷன் நடந்து அது ஐந்தாவது வருஷம். கொழும்பில் உள்ள அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், முழங்காலையும் நெஞ்சையும் எக்ஸ்ரே படம் பிடித்து டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றத் தடவைகளில் அவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகுவார், கொஞ்ச நேரம் பார்ப்பார், “ஹரி” என்பார். சரி என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் விடியுமுன் முதல் பஸ்ஸில் ஏறி, அவிசாவளை வழியாகப் போய், மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“போன வருஷத்துப் படத்தைக் குடுங்க” என்றார். அவர் பேசியது சிங்களம். எங்கள் பக்கத்தில் சிங்களம் தெரியாமல் கடைக்குப் போய்ச் சீனி வாங்க முடியாது, அதனால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அது நன்றாக ஓடும். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் உரப்பையிலிருந்து பேப்பர் சுற்றிய பொதியை எடுத்து நீட்டினார். டாக்டர் பேப்பரைப் பிரித்தார். அதுவரைக்கும் நான் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. ஐந்து வருஷத்துப் படங்களும் ஒரே பலகையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஓரங்கள் சுருண்டு, மேல்பக்கம் கஷாய நிறத்தில் கறை பிடித்திருந்தது. புகை நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

“வீடு எரிஞ்சிருச்சா?” என்று கேட்டார் டாக்டர். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

“இல்ல சார்” என்றார் என் வீட்டுக்காரர். “பூஞ்சணம் புடிக்கக் கூடாதுன்னு… புகைக் காம்பராவுல போட்டேன். ரப்பர் சீட்டு காய வைக்கிற எடம்.”

சின்ன டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தார். பெரிய டாக்டர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அவர் பேனாவால் புதுப் படத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இந்த வெள்ளையா இருக்கிறது நாங்க போட்ட சீமெந்து. அதைச் சுத்தி ஒரு கறுப்புக் கோடு தெரியுது, பாருங்க. இது போன வருஷமும் இதே அளவுல இருந்திருந்தா ஒண்ணுமில்ல. புதுசா வந்திருந்தா, இல்லாட்டி அகலமாகியிருந்தா, நோய் திரும்பியிருக்குன்னு அர்த்தம். புத்தகத்துல மாற்றமில்லைன்னு எழுதியிருக்கேன். ஆனா எவ்வளவு அகலம்னு படம்தான் சொல்லும்.”

அந்தப் படம்தான் புகைந்துபோய் மேசைமேல் கிடந்தது.

நோய் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது அதைத்தான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்கு விளங்கின மாதிரிதான் எழுத முடியும்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். விடியும்போது மலையேறி, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, பால் வடியச் சிரட்டை வைத்துக்கொண்டு போகிற வேலை. வலது முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு நோவு வந்தது. மலை ஏறி இறங்குகிறவர்களில் யாருக்கு முழங்கால் நோகவில்லை? டிஸ்பென்சரியில் எண்ணெய் கொடுத்தார்கள், பூசினேன். மாதக்கணக்கில் பூசினேன். பிறகு ஒருநாள் பால் வாளியோடு இறங்கும்போது கால் மடங்கி விழுந்தேன். பால் எல்லாம் கொட்டிவிட்டது. அப்போதுகூட எனக்குக் காலைப் பற்றிக் கவலை வரவில்லை. அன்றைக்குப் பேர் விழாதே என்றுதான் கவலைப்பட்டேன். பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.

கேகாலை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். தொடை எலும்பு வந்து முழங்காலில் முடிகிற இடத்தில் சோப்பு நுரை மாதிரி ஏதோ இருந்தது. அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே தடித்த ஊசியொன்றை எலும்புக்குள் விட்டு ஒரு துணுக்கை எடுத்தார்கள். அதைச் சோதித்துத்தான் என்ன நோய் என்று சொல்வார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று வாரத்தில் ‘டியூமர்’ என்ற ஒரு சொல் எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்கு, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்துவிட்டது. பிஸ்கட் பக்கெட்டோடு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். ஒரு அம்மா என் பிள்ளையின் தலையைத் தடவி அழுதார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்க வேண்டும், கூரைத் தகரத்தில் ஓட்டை அடைக்க வேண்டும், இதையெல்லாம் யார் பார்ப்பார் என்று நினைத்து நினைத்தே மெலிந்துபோனேன்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் சொன்னது இதுதான். இதன் பெயர் ஜயண்ட் செல் டியூமர். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெரிய பெரிய கலங்களாகத் தெரியுமாம், அதனால் அந்தப் பெயர். புற்றுநோய் இல்லை. ஆனால் சும்மா இருக்கிற கட்டியும் இல்லை. கறையான் போல எலும்பை உள்ளேயிருந்து தின்னும். அபூர்வமாகத்தான் யாருக்காவது வரும். எடுத்துப் போட்டாலும் அதே இடத்தில் திரும்ப வரலாம். எப்போதாவது ஒருவருக்கு நெஞ்சுக்குள், நுரையீரலுக்குப் போகலாம். அதனால் ஆபரேஷனோடு முடியாது, வருஷக்கணக்கில் வந்து காட்ட வேண்டும்.

புற்றுநோய் இல்லை என்றதும் என் வீட்டுக்காரர் டாக்டரைக் கும்பிட்டார். நான் ‘திரும்ப வரலாம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எலும்புக்குள்ளிருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியைச் சீமெந்து போட்டு அடைத்தார்கள். வீடு கட்டுகிற சீமெந்து இல்லை, ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருக்கிறது. மதினி அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நம்ம லயத்துச் செவுத்துக்கு எத்தன காலமா கேக்குறோம், தொரை ஒரு மூட்ட சீமெந்து குடுக்கல. ஒனக்கு முழங்காலுக்கே குடுத்துட்டாங்க பாத்தியா. அதிஷ்டக்காரி.”

தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். வார்டில் இருந்த நாட்களில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அது கழன்று என் காலிலேயே விழும் என்று நினைப்பேன். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்த ஒரு சிங்கள அக்கா இருந்தார். அவருடைய மகள் கொண்டுவரும் செவ்விளநீரில் பாதியை எப்போதும் எனக்கு ஊற்றி வைப்பார். “பயவென்ட எபா நங்கி” என்பார். பயப்படாதே தங்கச்சி என்று. அவர் தூங்கின பிறகும் அந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

திரும்பி வந்த பிறகு என்னால் பால் வெட்ட முடியவில்லை. ஸ்டோரில் லேசான வேலை கொடுத்தார்கள். புகையில் காய்ந்து வரும் ரப்பர் சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, உள்ளே கறுப்புப் புள்ளியோ குமிழோ இருந்தால் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கும் அங்கேதான் வேலை, புகைக் காம்பராவில். கறுப்புப் புள்ளியைக் கண்டதும் வெட்டி எறிந்துவிட்டு நல்ல சீட்டை அடுக்குவேன். வெட்டும்போதெல்லாம் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். பிறகு ஆறு மாதம், பிறகு ஒரு வருஷம். ஒவ்வொரு தடவையும் வீட்டில் இரண்டு பேருடைய பேர் போகும், பஸ் காசு போகும். மதினி ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. “நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகிட்டே பஸ்ஸ விட்டுருவீங்க” என்பார். அது சண்டைக் காலம், வழியில் செக் பொயிண்டில் எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். ஒரு தடவை ஆமிக்காரர் ஒருவர் எங்கள் பெரிய உறையைத் திறந்து, படத்தை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

“இது யாருடைய கால்?”

“இவளோடதுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் படத்தையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கொழும்பு வரைக்கும் ரோட்டோரத்துக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனேன்.

படங்களை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வதில்லை. நம் கையில் தந்துவிடுவார்கள். நாம் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு தடவையும் கொண்டுபோக வேண்டும். புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாறியிருக்கிறதா இல்லையா என்று தெரியும். இதை முதல் நாளே சொன்னார்கள். பத்திரம் என்றால் எங்கே? எங்கள் லயத்துக் காம்பராவில் சுவரில் கை வைத்தால் கை நனையும். வருஷத்தில் பாதி நாள் மழை. பெட்டிக்குள் வைத்த கல்யாணச் சேலையிலேயே பூஞ்சணம் பிடிக்கிற இடம் அது. நான்காவது வருஷம் படங்களிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. டாக்டர் அதைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கொஞ்சம் கோபமாகச் சொன்னார்: “இப்படி வெச்சிருந்தா அடுத்த வருஷம் எனக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் அதைக் கேட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு யோசித்தார்.

ரப்பர் தோட்டத்து ஆளுக்குப் பூஞ்சணத்துக்கு ஒரு மருந்துதான் தெரியும். பாலை உறைய வைத்து, உருட்டிச் சீட்டாக்கினால் அது வெள்ளையாக இருக்கும். அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். விறகு எரித்துப் புகையில் நாலைந்து நாள் தொங்கவிட்டால் தேன் நிறத்துக்கு வந்துவிடும். பிறகு எத்தனை மழைக்கும் பூஞ்சணம் அண்டாது, வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கம் தெரியும். என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாக இதுதான் வேலை. ஐந்தாவது வருஷம், கிளினிக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது, படங்களைக் கொண்டுபோய்ப் புகைக் காம்பராவில் நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்கள் தோட்டத்தில் எல்லோரும் நல்ல யோசனை என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும்தான்.

டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்காரவில்லை, சுவரோடு நின்றார். “எறக்கும்போதே ஒட்டியிருந்துச்சு பாக்கியம். சீட்டு ஒட்டிக்கிட்டா ஆறுன பொறகு உரிச்சிருவோம்ல, அந்த மாதிரி வுட்டுரும்னு நெனச்சேன்.”

மதினி பொதியைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்தார். “ஏன்டா, அடுத்த தடவ இவளையே தூக்கிக் கம்புல தொங்க வுட்டுறாத” என்றார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மதினியும் பிறகு சிரிக்கவில்லை. மூன்று பார்சலையும் பிரிக்காமலே ஊருக்குக் கொண்டுவந்தோம்.

டாக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். காலை மறுபடி திறந்து பார்க்கலாம். அல்லது ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து இன்னொரு படம் பிடித்து, அன்று எடுத்ததோடு ஒப்பிடலாம். நோய் திரும்பியிருந்தால் இந்தத் தடவை சுரண்டினால் போதாது, மூட்டையே எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரியில் முறை வர நாளாகும், வெளியே எடுத்தால் சீக்கிரம் கிடைக்கும். வெளியே எடுக்க நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

புளத்கொகுபிட்டிய பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளியிடம் போனோம். எங்கள் ஆட்கள்தான், இரண்டு தலைமுறையாக அங்கே கடை. தீபாவளிக்குக் கடனில் துணி எடுப்பது அவரிடம்தான். பல்லைக் காட்டிப் பேசுகிற ஆள் இல்லை.

“நகை ஏதாச்சும் இருக்கா?” என்றார்.

“தோடு ஆபரேஷனுக்கே போயிருச்சுங்க முதலாளி.”

“அது என்னா கையில?”

“படங்க. கால் படம். நேத்து கொழும்புல எடுத்தது.”

உறையை வாங்கிப் படத்தை உருவினார். டியூப்லைட்டுக்குப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் விளங்கியிருக்காது. என் வீட்டுக்காரர் பழைய படங்களுக்கு என்ன ஆனது என்று தானாகவே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டே. முதலாளி கேட்டுவிட்டு, அந்த உறையைச் சேலைகள் அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரிக்குள் இரண்டு பெட்டிக்கு நடுவில் படுக்கையாகச் செருகினார்.

“இதுதான் அடகு. இங்க தண்ணியும் வராது, பொகையும் வராது. கிளினிக்குக்கு மொத நா சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போ. திரும்பி வந்ததும் புதுப் படத்தோட கொண்டாந்து வெச்சிரணும். வட்டி வேணாம். போற ஒவ்வொரு தடவைக்கும் முன்னூறு ரூவா கட்டு.”

“மாசா மாசம் கட்டிர்றோமே முதலாளி” என்றார் என் வீட்டுக்காரர்.

“நா கேட்டேனா? கிளினிக்குப் போற அன்னைக்கி மட்டும். ஒரு தடவ போகாம வுட்டா, அன்னைக்கே முழுக் காசும் வட்டியோட வேணும்.”

அப்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. இருக்கிற கவலை போதாதென்று இவர் வேறு என்று நினைத்தேன்.

ஸ்கேன் எடுத்தோம். குகை மாதிரி ஒரு வளையத்துக்குள் படுக்க வைத்து அசையாதே என்றார்கள். நான் நடுங்காமல் இருப்பதற்கே பெரும்பாடு பட்டேன். அதைப் பார்த்துவிட்டு டாக்டர், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் அந்தக் கோடு பழையதா புதியதா என்று ஸ்கேனுக்கும் தெரியாது, மூன்று மாதம் கழித்து வாங்க என்றார்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுத எனக்குக் களைப்பாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் முழங்காலை அமுக்கிப் பார்ப்பேன். நேற்று இங்கே வலித்ததா அங்கே வலித்ததா என்று யோசிப்பேன். அமுக்கி அமுக்கியே வீங்க வைத்தேன், பிறகு வீங்கிவிட்டதே என்று அழுதேன். என் வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் வாளியில் தண்ணீர் வைத்து ஒட்டிப்போன அந்தப் படப் பலகையை ஊறவைத்துக்கொண்டிருந்தார். படங்களைப் பிரித்துவிடலாம் என்று நம்பிக்கை. பிரிந்தது. ஆனால் மேலே இருந்த கறுப்பெல்லாம் வழிந்து, கையில் வெறும் கண்ணாடிக் கடதாசிதான் மிஞ்சியது. அதை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார். காலும் இல்லை, சீமெந்தும் இல்லை. மறுபக்கம் தென்னை மரம் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவர்மேல் இருந்த கோபம் எனக்குப் போனது.

நாள் நெருங்க நெருங்க, போகக் கூடாது என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். போனால்தானே சொல்வார்கள்? சொல்லாத வரைக்கும் எனக்கு இரண்டு கால். மழையென்று சொன்னேன், பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றேன். மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

“நீ போகலன்னா அது வராதா? வழி தெரியாம திரும்பிப் போயிருமா?”

“போங்க மதினி. ஒங்களுக்கென்ன, வலி எனக்கு.”

“வலி ஒனக்கு. பஸ்ஸுல வாந்தி எடுக்குறது நானு.”

நான் அசையவில்லை. கிளினிக்குக்கு முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரரை அனுப்பாமல் நானே நொண்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அடுத்த மாதம் போகிறேன், வட்டி கேட்காதீர்கள் என்று முதலாளியிடம் கெஞ்சத்தான் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு காசு மேசையின் அடி லாச்சியைத் திறந்து ஒரு கிளினிக் புத்தகத்தை எடுத்து முன்னால் போட்டார். அட்டை மடங்காத புத்தகம்.

“எங்க வீட்டுக்காரம்மாவோடது. சீனி வருத்தம், சக்கர நோய். ரெண்டு தடவ போனாங்க. கால்ல புண்ணு பெருசாகிருச்சின்னு டாக்டர் ஏசுவாருன்னு மூணாவது தடவ போகல. நானும் சரி, தீபாவளி யாவாரம் முடியட்டும்னு வுட்டுட்டேன். அந்தத் தீபாவளிக்கு அவங்க இல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். புத்தகத்தை லாச்சிக்குள் போட்டு மூடினார். அலமாரியிலிருந்து உறையை எடுத்து என் கையில் தந்தார்.

“மொத பஸ்ஸு நாலரைக்கு” என்றார்.

மறுநாள் போனோம். மூன்று பேரும்தான். மதினி வாந்தி எடுத்தார். படம் பிடித்தார்கள். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் செருகினார். லாச்சியிலிருந்து அடிமட்டம் எடுத்து ஒன்றை அளந்தார், மற்றதை அளந்தார், மறுபடி முதலாவதை அளந்தார். சின்ன டாக்டரையும் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். நான் பதினொரு கம்பியையும் எண்ணி, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.

“வெனசக் நே” என்றார். மாற்றமில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தூக்கம் வந்தது. அவர் சொன்னதெல்லாம் தூரத்தில் கேட்டது: சீமெந்துக்கும் எலும்புக்கும் நடுவில் இப்படி ஒரு மெல்லிய கோடு இருக்கத்தான் செய்யும், அது அகலமாகாமல் இருந்தால் போதும், ஆனால் அகலமாகிறதா என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, பிறகு ஆறு மாதம், பிறகு வருஷத்துக்கொன்று. “எத்தன வருஷத்துக்கு சார்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் பேனாவை மூடினார். “நான் இருக்கிற வரைக்கும் நான் பாக்குறேன். அப்புறம் இவர் பாப்பார்” என்று சின்ன டாக்டரைக் காட்டினார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மதினி பார்சலைப் பிரித்து ஒரு உருண்டையை உருட்டி என் வாயில் வைத்தார். மாசிச் சம்பல். காலையில் கட்டிய சோறு ஆறி இறுகிப்போயிருந்தது. சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, சீட்டைப் பார்ப்பது மாதிரி மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். பிறகு ஓரத்தை மட்டும் பிடித்து உறைக்குள் போட்டார். ஊர் வரைக்கும் மடியில் படுக்கையாகவே வைத்துக்கொண்டு வந்தார். பஜாரில் இறங்கி நேரே கடைக்குப் போய் உறையைக் கொடுத்து முன்னூறு ரூபாய் கட்டினோம். முதலாளி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைப் பெடியனிடம் மூன்று பிளேன்டீ சொன்னார்.

அதற்குப் பிறகும் வருஷங்கள் போய்விட்டன. நான் குணமாகிவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. டாக்டரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, மாற்றமில்லை என்று மட்டும் சொல்கிறார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மாதம் முன்னாலேயே எனக்குத் தூக்கம் போய்விடும். வந்த பிறகு இரண்டு நாள் படுத்தே கிடப்பேன். இந்த மாதிரி நோய் வந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். படங்களை மடிக்காதீர்கள், சுருட்டாதீர்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, காய்ந்த இடத்தில் படுக்கையாக வையுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஓரிடம் இல்லாவிட்டால் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

போன கிளினிக் முடிந்து கடைக்குப் போனபோது முன்னூறு ரூபாய் மட்டும் கொண்டுபோகவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைத்திருந்தது, கையில் கொஞ்சம் காசு இருந்தது. மிச்சக் கடன் முழுவதையும், இரண்டாயிரத்து எழுநூறு, எண்ணி மேசையில் வைத்தேன். கடன் என்பது ஒரு கவலை, அதையாவது முடித்துவிடலாமே என்று.

முதலாளிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நோட்டுகளைத் தடவி எண்ணினார். முன்னூறை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளினார்.

“முழுசா கட்டுனா அடகுப் பொருள திருப்பிக் குடுக்கணும். கொண்டு போயி மறுபடியும் பொகையில போடவா?”

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று சிரித்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சுக்கு அவர் சிரித்தது அன்றுதான்.

முதலாளி கடன் கொப்பியை எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, என் கணக்குள்ள பக்கத்தில் எழுதிவிட்டு எனக்குக் காட்டினார். நான் வழக்கம்போல மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு முன்னூறு என்றால் இன்னும் எட்டு வருஷம்.

மிச்சம்: 2,400 ரூபாய்.